மழைக்கு முன் டயரைப் பாருங்கள்



ஐப்பசி பிறந்தால்தான் நம் பக்கம் மழை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரம் முழுக்க வானம் பார்த்த பூமி. தென்மேற்குப் பருவமழை நமக்குப் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. கண்மாய் நிறைய வேண்டும் என்று நாம் துஆ செய்து வாங்கும் மழை அது. ஆனால் மழையில் கார் ஓட்டும் பழக்கம் நமக்கு ஆண்டில் சில வாரங்கள்தான். மலையாளத்துக்காரர்களுக்கு இருக்கும் பழக்கம் நமக்கு இல்லை. நம் வண்டி டயருக்கும் இல்லை.

இந்த இதழில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஃபித்ரா பங்கீடு பற்றி எழுதுவதுதான் வழக்கம். டயரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். மருத்துவ உதவி கேட்டு அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் ‘விபத்துக் காயம்’ என்று எழுதியவற்றை நாங்கள்தான் வாசிக்கிறோம். ஒரு தொடை எலும்பு முறிவுக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவில் காருக்கு நான்கு டயரும் மாற்றிவிடலாம், மிச்சமும் இருக்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. டயரைப் பார்த்து வைப்பதும் அந்தக் கட்டுவதில் சேர்ந்ததுதான்.

நின்ற வண்டியின் டயர்

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிவிட்ட கார்கள் இப்போது நம் தெருக்களில் வரிசையாக நிற்கின்றன. நிற்கின்றன என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பையன் விடுமுறையில் வரும்போது ஓடும். ஒரு நிக்காஹ், மதுரை ஆஸ்பத்திரி, விமான நிலையம் என்று எப்போதாவது கிளம்பும். மற்ற நாளெல்லாம் வாசலில் வெயிலில் கிடக்கும். “டயர் புதுசு மாதிரிதான் இருக்கு, ரொம்ப ஓடலையே” என்று வாப்பாமார்கள் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது பட்டனை. பட்டன் இருக்கிறது, ரப்பர்தான் இல்லை.

டயர் தேய்ந்து மட்டும் சாவதில்லை, காய்ந்தும் சாகும். சூரிய ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை நாளாவட்டத்தில் இறுக வைக்கின்றன. அதைத் தடுக்க டயர் செய்யும்போதே ஒருவகை மெழுகையும் மருந்துகளையும் ரப்பரில் கலக்கிறார்கள். வண்டி ஓடி டயர் நெளியும்போதுதான் அந்த மெழுகு மேலே வந்து தோல் போலப் படிகிறது. நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைப்பதில்லை. பக்கவாட்டில் கோடை காலத்துக் கண்மாய்த் தரை மாதிரி மெல்லிய வெடிப்பு விட ஆரம்பிக்கும். இறுகிய ரப்பர் காய்ந்த சாலையில் ஓரளவு சமாளித்துவிடும். ஈரச் சாலையில்தான் அதன் குணம் தெரியும். மெதுவான ரப்பர் தார்ச்சாலையின் சிறு மேடுபள்ளங்களுக்குள் பதிந்து பிடிக்கும். இறுகியது மேலேயே வழுக்கும்.

எனவே முதலில் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் குனிந்து விளக்கடித்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்கவும், பத்து ஆண்டானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடவும் டயர் கம்பெனிகளே சொல்கின்றன. அது குளிர்நாட்டுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. நம் வெயிலில் வாசலில் கிடக்கும் வண்டிக்கு ஆறு, ஏழு ஆண்டே அதிகம் என்பது எங்கள் கருத்து.

போன மாதம் ஒரு ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முன் நின்ற சில கார்களை உரியவர்களின் சம்மதத்தோடு பார்த்தோம். பட்டன் நிறைய இருந்த ஒரு காரின் டயரில் 0814 என்று இருந்தது. அந்த டயருக்குப் பிறகு பிறந்த அவருடைய மகள் இப்போது நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவர் மறுவாரமே மாற்றிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

கார் படங்களில் நடித்த அமெரிக்க நடிகர் பால் வாக்கரை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 2013 நவம்பர் 30 அன்று நண்பர் ஓட்டிய காரில் போய் விபத்தில் இறந்தார். அதிவேகமே காரணம் என்று காவல்துறை சொன்னது. அதோடு, அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை, அதனால் வண்டியின் பிடி குறைந்திருக்கலாம் என்றும் விசாரணையில் குறிப்பிட்டார்கள். அதிகம் ஓடாத, விலை உயர்ந்த கார் அது. டயரின் வயது பணக்காரர் ஏழை பார்ப்பதில்லை.

மணலில் இறக்கும் காற்று

அடுத்தது காற்று. “மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் டயர் நன்றாகப் பரவி ரோட்டைப் பிடிக்கும்” என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பெரும்பாலும் பாலைவனத்திலிருந்துதான். துபாயிலும் சவூதியிலும் மணலுக்குள் வண்டி இறக்கும்போது காற்றை நன்றாகக் குறைத்துக்கொள்வார்கள். மணலில் அது சரி, வண்டி புதையாமல் இருக்க அதுதான் வழி. தண்ணீர் மணல் அல்ல. மழையில் காற்றைக் குறைப்பது நேர் எதிரான வேலையைச் செய்கிறது.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் கை அகலம்தான். ஈரச் சாலையில் அந்த இடத்துக்கு முன்னால் உள்ள தண்ணீரை டயர் ஒதுக்கித் தள்ளினால்தான் ரப்பர் தார் மேல் உட்கார முடியும். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறிய காரின் முன் டயர் ஒவ்வொன்றும் விநாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு வாளித் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். பட்டனுக்கு நடுவில் ஓடும் காடிகள் அதற்கான வாய்க்கால். ஒதுக்க முடியாதபோது தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். அந்த நேரம் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது. ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது போலத் தெரிவதுதான் அறிகுறி.

இதை முதலில் தீவிரமாக ஆராய்ந்தவர்கள் விமானத்துக்காக ஆராய்ந்தார்கள். நனைந்த ஓடுதளத்தில் விமானங்கள் நிற்காமல் வழுக்கிப் போனதால், 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் வால்டர் ஹார்ன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் சோதனைகள் செய்தார்கள். அவர்கள் கண்ட கணக்கு எளிமையானது. டயரிலுள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலம்தான் எந்த வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பட்டனால் ஒதுக்க முடியாத அளவு தண்ணீர் தேங்கிய இடத்தில், 36 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். 25 பி.எஸ்.ஐ. என்றால் 83லேயே மிதந்துவிடும். 16க்கு இறங்கிய டயருக்கு 67 போதும். கார் டயரில் அகலம், பட்டன், சாலையின் தன்மை எல்லாம் சேர்ந்து இந்த எண்கள் முன்னே பின்னே ஆகும். காற்று குறையக் குறைய மிதக்கும் வேகமும் குறைகிறது என்பது மாறாது. காற்றில்லாத டயர் நடுவில் குழிந்து, காடிகள் நெருங்கி மூடிக்கொள்கின்றன. வாய்க்காலை நாமே அடைத்தது போல ஆகிவிடுகிறது.

அதற்காக அளவுக்கு மேல் ஏற்றுவதும் தவறு. டயர் உருண்டையாகி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். லேசான ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். வண்டி செய்தவர்கள் சொன்ன அளவே சரியான அளவு. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முன் டயர், பின் டயர், ஆள் குறைவாக இருக்கும்போது, முழுச் சுமையோடு போகும்போது என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். நாம் வலீமாவுக்குக் கிளம்பும்போது எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேர் போவதற்கு அந்த ஸ்டிக்கரில் வரியே கிடையாது. டயரின் மேலேயே பெரிய எண்ணில் ஒரு அழுத்தம் அச்சிட்டிருக்கும். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நாம் வைக்க வேண்டிய அளவு அல்ல.

பங்க்சர் கடையில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். “எவ்வளவு வைக்கட்டும் பாய்?” “நாலுக்கும் முப்பது வைப்பா.” எந்த வண்டி, எத்தனை பேர் போகிறோம் என்ற பேச்சே இல்லை. கடையில் இருக்கும் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதும் தெரியாது. சில நூறு ரூபாய்க்கு நல்ல காற்று அளவி கிடைக்கிறது. ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். காற்றைக் காலையில், வண்டி எடுக்குமுன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் மூன்று நான்கு கூடத்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் ஆறியதும் குறைந்துபோகும்.

பருவ மாற்றமே காற்றைக் குறைக்கும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சித்திரை வெயிலில் 38 டிகிரியில் 33 வைத்த டயர், கார்த்திகை விடியலில் 23 டிகிரி இருக்கும்போது ஒரு துளிகூடக் கசியாமலேயே இரண்டு பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கியிருக்கும். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. தானாகவே கசியும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நைட்ரஜன் நிரப்பினால் இந்தக் கவலை இல்லை என்று காசு வாங்குபவர்கள் உண்டு. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வைத்தாலும் தவறில்லை, ஆனால் அளவு பார்க்கும் வேலை அதனால் மிச்சமாகாது.

நம் சீமைக்கே உரிய இன்னொரு தொல்லை சீமைக்கருவேல முள். ட்யூப் உள்ள டயரில் முள் ஏறினால் உடனே உட்கார்ந்துவிடும், நமக்கும் தெரிந்துவிடும். ட்யூப்லெஸ் டயரில் முள் அப்படியே தக்கை போல அடைத்துக்கொண்டு, காற்று நாள் கணக்கில் கசியும். கண்ணுக்கு டயர் சரியாகவே தெரியும், அளந்தால் 22 இருக்கும். கரை ஓரத்திலும் வேலி ஓரத்திலும் வண்டி நிறுத்துபவர்கள் மாதம் ஒரு முறை டயர் முழுவதையும் தடவிப் பார்ப்பது நல்லது. ஒரு டயர் மட்டும் அடிக்கடி இறங்கினால் முள்தான், அல்லது வால்வு.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். அந்தப் பெயர்கூட வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904 வாக்கில் அங்கேதான் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். நம்மில் பலர் அதற்குக் காற்று வைத்தே அத்தனை காலம் ஆனது போலத்தான் இருக்கிறது.

டயர் வாங்கும்போது

சட்டப்படி கார் டயரின் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக்கூடாது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள அளவு இது. பக்கவாட்டின் மேல் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகக் காடிக்குள் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. புதிய டயரில் காடி 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 என்பது அபராதத்துக்கான எல்லை. மழைக்கு 3க்குக் கீழே போகவிடாதீர்கள். ஐப்பசிக்கு முன் 3 இருந்தால் பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், மாற்றுவதானால் மழைக்கு முன்பே மாற்றுங்கள்.

அளவு மாற்றாமல் வாங்க வேண்டும். 165/80 ஆர் 14 85 டி என்று இருந்தால் 165 மில்லிமீட்டர் அகலம், உயரம் அதில் 80 சதவீதம், ரேடியல், 14 அங்குல ரிம். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரைக்கான குறி. கதவு ஸ்டிக்கரில் உள்ளதைவிடச் சுமைக் குறியீடு குறைந்த டயரை மலிவு என்று வாங்காதீர்கள். இளைஞர்கள் அழகுக்காக அகலமான டயர் போடுகிறார்கள். அகலம் கூடினால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும், மழையில் மிதப்பதும் சீக்கிரம் நடக்கும். இதைச் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை, வாளிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். டயரைச் சுற்றி ஓடும் அகலமான காடிகள் மூன்று நான்கு உள்ளதாகப் பாருங்கள். அம்புக்குறி போட்ட டயரை அம்பு காட்டும் திசையில்தான் மாட்ட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியம். ஈரச் சாலையில் பிடிக்கும் திறனுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்து 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கடையில் வாங்கும்போதே நான்கு இலக்கத்தைப் பாருங்கள். புதிய டயர் என்று இரண்டு மூன்று ஆண்டு குடோனில் கிடந்ததைத் தருவார்கள்.

செகண்ட் ஹேண்ட் டயர் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் காடி வெட்டி, கறுப்புப் பாலிஷ் அடித்துப் பளபளவென்று வைத்துவிடுகிறார்கள். வெட்டிய காடிக்கு அடியில் நூலும் கம்பியும்தான் இருக்கும். லாரி டயருக்கு ரீபட்டன் போடுவது வேறு, அது முறையாக நடக்கும் தொழில். கார் டயரில் கத்தி வைப்பது ஏமாற்று.

இரண்டு டயர் வாங்கத்தான் வசதி என்றால் அந்தப் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். எல்லோரும் முன்னால் போடுவார்கள், இஞ்சினும் ஸ்டீயரிங்கும் அங்கேதானே என்பார்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் இறங்கித் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதைச் சமாளிக்கத் தேர்ந்த ஓட்டுநர்களாலேயே முடிவதில்லை.

சாலையில்

வெயில் காலம் முழுக்கச் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர் துகளும் முதல் மழையின் முதல் அரைமணி நேரத்தில் சேர்ந்து மசை போல ஆகின்றன. நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு சாலை கொஞ்சம் தேவலை. திருச்சுழி, நரிக்குடி பக்கம் இன்னொன்றும் உண்டு. மழை விழுந்ததும் உழவு தொடங்கும். காட்டிலிருந்து ஏறும் டிராக்டர்கள் கரிசல் மண்ணைச் சாலையில் அப்பிவிட்டுப் போகும். நனைந்த கரிசல் சோப்பு மாதிரி. அது பட்டனுக்குள்ளும் அப்பிக்கொண்டு காடியை அடைத்துவிடும். வளைவில் சக்கரத் தடம் கறுப்பாகத் தெரிந்தால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம்.

மதுரை - தூத்துக்குடி நால்வழிச் சாலையில் ஆபத்து வேறு மாதிரி. சாலை நன்றாக இருப்பதால் மழையிலும் வேகம் குறைவதில்லை. வளைவுகளில் நடுத்தடுப்பு ஓரம் தண்ணீர் கட்டி நிற்கும் இடங்களில் ஒரு பக்கத்து டயர்கள் மட்டும் தண்ணீரில் ஏறும். வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். ஸ்டீயரிங் லேசானதாகத் தோன்றினால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். டயர் திரும்பத் தரையைப் பிடிக்கும்வரை வேறெதுவும் செய்ய வேண்டாம். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பவர்களுக்கு: தரையைத் தொடாத சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். என்ன செய்யும்?

அதே சாலை போய் முடியும் தூத்துக்குடி மாவட்டத்தில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. வறண்ட சீமைக்கு மழை வந்தால் மொத்தமாகத்தான் வரும். ஓடைத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் எந்த டயரும் உதவாது. முழங்கால் அளவு ஓட்டத்துக்கே சிறிய கார் மிதந்துவிடும். சுற்றிப் போங்கள், அல்லது காத்திருங்கள். நிக்காஹ் சற்றுத் தாமதமாக நடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அறக்கட்டளையிலிருந்து

காற்று அளவியும் பட்டன் ஆழம் பார்க்கும் கருவியும் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். டிசம்பர் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். மாற்று மதச் சகோதரர்களின் வண்டிக்கும் பார்ப்போம். வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே வந்து பார்க்கிறோம்.

வாடகைக் காரும் லோடு ஆட்டோவும் ஓட்டிப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கு நான்கு டயர் என்பது ஒரு மாத வருமானம் என்று எங்களுக்குத் தெரியும். கத்தி வெட்டிய டயரை அவர்கள் விரும்பி வாங்குவதில்லை. எனவே இந்த ஆண்டு முதல் தொழில் கடன் போலவே டயர் வாங்கவும் வட்டியில்லாக் கடன் தருவதென்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். பத்து மாதத் தவணை, பணம் நேராகக் கடைக்குப் போகும், பில் வண்டிக்காரர் பெயரில் வரும். மனுவோடு ஆர்.சி. நகல், இருவர் ஜாமீன், இப்போது வண்டியில் இருக்கும் டயர்கள் ஒவ்வொன்றின் நான்கு இலக்க எண் ஆகியவற்றை எழுதித் தாருங்கள். ஸ்டெப்னியின் எண்ணையும் சேர்த்து.